நட்சத்திரத்தின் மேல் கண் வையுங்கள்: ரோலர் டெர்பி பார்க்கப் போகிறவர்களுக்கு

மகளிர் ரோலர் டெர்பி ஆட்டத்தை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு ஆரம்பத்தில் ஒன்றும் பிடிபடாது. ஸ்கேட் கட்டிய பத்துப் பெண்கள் ஒருவரையொருவர் இடிக்கிறார்கள், தள்ளுகிறார்கள், விழுகிறார்கள், விழுந்த வேகத்திலேயே எழுகிறார்கள். விசில் சத்தம் ஓய்வதே இல்லை. பந்து இல்லை, வலை இல்லை, கோல் கம்பமும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் திடீரென்று எழுந்து கத்துவார்; எதற்கென்று தெரியாது. ஸ்கோர் பலகையில் எண் ஏறியிருக்கும். எப்படி ஏறியதென்றும் தெரியாது. "வெறும் அடிதடி" என்று முடிவு கட்டி இடைவேளையில் கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு இடிக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் இருக்கையை விட்டு எழுந்து கத்துகிறவர்களில் நீங்களும் ஒருவராகிவிடுவீர்கள்.

லண்டன், டொராண்டோ, மெல்பர்ன் என்று தமிழர்கள் கணிசமாக வாழும் ஊர்களில் இந்த ஆட்டம் நடக்கிறது. அலுவலகத் தோழி ஒருவர் விளையாடுகிறார் என்று டிக்கெட் கைக்கு வரலாம். மகள் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கலாம். அப்படிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆடுதளம். பெரிய விளையாட்டு அரங்கோ, பழைய கிடங்கோ, சமதளமான ஒரு தரை போதும். அதில் சுமார் 33 மீட்டர் நீளமும் 23 மீட்டர் அகலமும் உள்ள ஒரு நீள்வட்டப் பாதையை அடையாளமிடுவார்கள். பாதையின் அகலம் 4 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அருகில் போய்ப் பார்த்தால் எல்லைக்கோடு கொஞ்சம் மேடாக இருப்பது தெரியும். தரையில் மெல்லிய கயிற்றைப் போட்டு அதன்மேல் டேப் ஒட்டியிருப்பார்கள். ஸ்கேட் சக்கரம் கோட்டில் ஏறினால் காலே சொல்லிவிடும். குனிந்து பார்க்க வேண்டியதில்லை. பாதையைச் சுற்றி வெளியே பத்தடி வெற்றிடம் விட்டிருப்பார்கள். வேகமாக வந்து வெளியே விழுகிறவர் சறுக்கி நிற்பதற்கான இடம் அது.

ஒரு அணிக்கு ஐந்து பேர் களத்தில் இறங்குவார்கள். ஆட்டத்துக்குப் பதிவு செய்த 15 பேரிலிருந்து மாறி மாறி வருவார்கள். ஐவரில் ஒருவருடைய ஹெல்மெட்டின் மேல் ஒரு துணி உறை மாட்டியிருக்கும். அதன் இரு பக்கமும் பெரிய நட்சத்திரம். அவர்தான் ஜாமர். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: நட்சத்திரத்தின் மேல் கண் வையுங்கள். புள்ளி எடுக்க முடிந்தவர் அவர் மட்டுமே. மற்ற நால்வரும் பிளாக்கர்கள். தங்கள் ஜாமருக்கு வழிவிட வேண்டும், எதிரணி ஜாமரை மறிக்க வேண்டும். அந்த நால்வரில் ஒருவர் ஹெல்மெட்டில் பட்டை போட்ட உறை அணிந்திருப்பார். அவர் பிவட். அவருக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்டம் 30 நிமிடம் வீதம் இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியும் "ஜாம்" என்ற சிறு சிறு சுற்றுகளாக நடக்கும். ஒரு ஜாம் அதிகபட்சம் 2 நிமிடம். அடுத்த ஜாமுக்கு முன் 30 விநாடி இடைவெளி. அதற்குள் பத்துப் பேரும் மாறிப் புதுக் கூட்டம் வந்து நிற்கும். எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும். எட்டு பிளாக்கர்களும் முன்னால் ஒரு கும்பலாக நிற்பார்கள். இரண்டு ஜாமர்களும் அவர்களுக்குப் பின்னால் ஒரு கோட்டில் நிற்பார்கள். விசில் ஊதியதும் ஜாமர்கள் இருவரும் அந்தக் கும்பலுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரப் போராடுவார்கள்.

கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். எதிரிகள் கூட்டத்துக்குள் தனியாகப் புகும் ரைடர்தான் ஜாமர். அங்கே தொட்ட ஆளுக்கு ஒரு புள்ளி, இங்கே தாண்டிய ஆளுக்கு ஒரு புள்ளி. பெரிய வேறுபாடு, இங்கே இரண்டு அணியின் ரைடர்களும் ஒரே விசிலுக்கு ஒன்றாகக் கிளம்புகிறார்கள்.

முதல் முறை கூட்டத்தைத் தாண்டுவதற்குப் புள்ளி இல்லை. அது நுழைவுத் தேர்வு மாதிரி. தாண்டி, ஒரு சுற்றுச் சுற்றிவந்து மறுபடி அதே கூட்டத்துக்குள் புகுந்த பிறகுதான் கணக்கு தொடங்குகிறது. விதிமீறாமல் தாண்டும் எதிரணி பிளாக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. ஆக ஒரு சுற்றுக்கு நான்கு. இரண்டு நிமிடத்துக்குள் எத்தனை சுற்று முடியுமோ அத்தனை.

ஆனால் முதல் தாண்டலுக்குப் புள்ளி இல்லாவிட்டாலும் பரிசு உண்டு, அதுவும் பெரிய பரிசு. விதிமீறாமல் யார் முதலில் கூட்டத்தைக் கடந்து வெளியே வருகிறாரோ அவர்தான் அந்த ஜாமின் லீட் ஜாமர். நடுவர் இரண்டு முறை சுருக்கமாக விசில் ஊதி, அவரைக் கையால் சுட்டிக் காட்டுவார். லீட் ஜாமருக்கு மட்டும், நினைத்த நேரத்தில் ஜாமை முடிக்கும் உரிமை உண்டு. இரண்டு கைகளாலும் இடுப்பைத் திரும்பத் திரும்பத் தட்டினால் போதும், ஜாம் முடிந்தது. இந்த ஆட்டத்தின் தந்திரமெல்லாம் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது என்பேன்.

ஒரு ஜாமை அருகிலிருந்து பார்ப்போம். கறுப்பு அணிக்கும் வெள்ளை அணிக்கும் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசில் ஊதியதும் வெள்ளை பிளாக்கர்கள் மூவர் தோளோடு தோள் சேர்த்துச் சுவராகிவிடுகிறார்கள். நான்காமவர் அவர்களுக்கு முன்னால் திரும்பி நின்று, பின்புறமாக உருண்டபடியே மூவரின் தோளையும் கையால் தாங்கி, ஜாமர் எந்தப் பக்கம் வருகிறார் என்று கத்துகிறார். கறுப்பு ஜாமர் சுவரில் மோதுகிறார், நகரவில்லை. இடப்பக்கம் போவதுபோல் உடம்பைச் சாய்க்கிறார்; சுவர் இடப்பக்கம் நகர்கிறது. அந்தக் கணத்தில் கறுப்பு பிளாக்கர் ஒருவர் பக்கவாட்டில் வந்து வெள்ளைச் சுவரின் ஓரத்தை இடுப்பால் இடிக்கிறார். ஒரு முழ இடைவெளி திறக்கிறது. கறுப்பு ஜாமர் ஸ்கேட்டின் முன் நுனியில் உள்ள ரப்பர் கட்டை மேல் எம்பி நின்று, விரல் நுனியில் ஓடுகிறவரைப்போல அந்த இடைவெளியில் எல்லைக்கோட்டை ஒட்டி நாலு எட்டு வைத்து வெளியே வந்துவிடுகிறார். இரண்டு விசில். அவர் லீட். ஒரு சுற்றுச் சுற்றி வந்து இரண்டு பேரைத் தாண்டுகிறார், மூன்றாமவரிடம் மாட்டிக்கொள்கிறார். திரும்பிப் பார்க்கிறார். வெள்ளை ஜாமரும் இப்போது வெளியே வந்து, சுற்றி முடித்து, கூட்டத்தை நெருங்குகிறார். இனி ஒரு விநாடி தாமதித்தாலும் அந்தப் பக்கம் புள்ளி ஏறத் தொடங்கிவிடும். கறுப்பு ஜாமர் இடுப்பைத் தட்டுகிறார். நான்கு விசில், ஜாம் முடிந்தது. கறுப்புக்கு இரண்டு, வெள்ளைக்குச் சுழியம்.

விசில் கணக்கைக் கவனித்தீர்களா? ஒன்று என்றால் தொடக்கம், இரண்டு என்றால் லீட், நான்கு என்றால் முடிவு. தனியாக ஒரு நீண்ட விசில் கேட்டால் யாரோ பெனால்டி வாங்கியிருக்கிறார். கண் ஒரு பக்கம் இருந்தாலும் காது மீதியைச் சொல்லிவிடும்.

லீட் கிடைக்காத ஜாமருக்கு நிறுத்தும் உரிமை இல்லை. ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். களைத்துப்போனால், அல்லது சுவருக்குள் சிக்கி மீளவே முடியாவிட்டால், ஹெல்மெட்டிலிருந்து நட்சத்திர உறையைக் கழற்றித் தன் அணியின் பிவட்டிடம் கொடுக்கலாம். பிவட் அதைக் கையில் வாங்கியதும் அவரே ஜாமர். முன்பு சொன்ன தனிச் சலுகை இதுதான். கையிலிருந்து கைக்கு நேராகக் கொடுக்க வேண்டும், வீசக் கூடாது. சுற்றிலும் ஆட்கள் இடித்துக்கொண்டிருக்க, வியர்வையில் நனைந்த அந்தத் துணி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது அரங்கம் அதிரும். முதல்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தவற விடுகிறார்கள்.

இனி, பார்வையாளர் பழகிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் விஷயத்துக்கு வருவோம். மற்ற பெரும்பாலான ஆட்டங்களில் ஒரு நேரத்தில் ஒரு அணி தாக்கும், மற்றது தடுக்கும். டெர்பியில் ஒவ்வொரு பிளாக்கரும் ஒரே விநாடியில் இரண்டையும் செய்ய வேண்டும். எதிரணி ஜாமரை விட்டுவிடக் கூடாது. தன் ஜாமருக்கு வழியும் திறக்க வேண்டும். சுவரிலிருந்து விலகித் தன் ஜாமருக்கு உதவப் போனால் சுவர் பலவீனமாகும். போகாவிட்டால் தன் ஜாமர் தவிப்பார். எப்போது போவது, யார் போவது என்பதில்தான் நல்ல அணியும் சாதாரண அணியும் பிரிகின்றன. ஜாமரின் வேகம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். என்னைக் கேட்டால் ஆட்டத்தை வெல்வது பிளாக்கர்கள்தான்.

இரண்டு அணியின் பிளாக்கர்களும் சேர்ந்து, பத்தடிக்குள் ஒருவரையொருவர் ஒட்டியபடி இருக்கும் பெரிய கூட்டத்துக்கு "பேக்" என்று பெயர். அந்தக் கூட்டத்திலிருந்து முன்னும் பின்னும் இருபதடி வரைதான் ஒருவரை ஒருவர் மறிக்கலாம். அதனால்தான் பிளாக்கர்கள் வேகமாக ஓடாமல் நின்று நிதானமாக நகர்கிறார்கள். "ஸ்கேட் பந்தயம் என்றார்கள், இவர்கள் நடைபோடுகிறார்களே" என்று தோன்றினால், காரணம் இதுதான். மெதுவான கூட்டத்தைத் தாண்டுவதுதான் கடினம்.

இன்னொரு காட்சி முதல்முறை பார்ப்பவரைக் குழப்பும். ஜாமரை இடித்து எல்லைக்கு வெளியே தள்ளிய பிளாக்கர், உடனே திரும்பி எதிர்த்திசையில் ஓடத் தொடங்குவார். எதற்கு இந்தப் பின்வாங்கல்? விதிப்படி, வெளியே தள்ளப்பட்டவர் தன்னைத் தள்ளியவருக்குப் பின்னால் வந்துதான் உள்ளே நுழைய வேண்டும். தள்ளியவர் எவ்வளவு பின்னால் போகிறாரோ அவ்வளவு தூரம் ஜாமரும் திரும்பிப்போக வேண்டும். ஒரே இடியில் பத்து மீட்டர் உழைப்பை வீணாக்கிவிடலாம். ஜாமர் பொறுமையிழந்து முன்னால் நுழைந்துவிட்டால் அது பெனால்டி. இந்த ஓட்டத்தைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து, வெளியே விழுந்த ஜாமரைவிட அவரை விழவைத்தவரைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அடிதடி பற்றிச் சொல்ல வேண்டும். தோள், மேற்கை, மார்பு, இடுப்பு, மேல்தொடை இவற்றால் இடிக்கலாம். முழங்கையால் குத்தக் கூடாது, முன்கையால் தள்ளக் கூடாது, கையால் பிடிக்கக் கூடாது, கால் இடறக் கூடாது. எதிராளியின் முதுகிலும் தலையிலும் நடுத்தொடைக்குக் கீழேயும் அடி படக் கூடாது. மீறினால் பெனால்டி பெட்டியில் 30 விநாடி உட்கார வேண்டும். ஏழு பெனால்டி வாங்கினால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். பிளாக்கர் பெட்டிக்குப் போனால் சுவரில் ஒரு செங்கல் குறையும், அவ்வளவுதான். ஜாமர் போனால் கதையே வேறு. அந்த 30 விநாடியும் ஒரு பக்கம்தான் புள்ளி எடுக்க முடியும். இதற்குப் பவர் ஜாம் என்று பெயர். பின்தங்கிய அணிகள் பெரும்பாலும் இதில்தான் எழுந்துவருகின்றன. ஆகவே 20, 30 புள்ளி வித்தியாசத்தைப் பார்த்து ஆட்டம் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இரு பக்கமும் நூற்றைத் தாண்டிப் போகும் ஆட்டங்கள் சாதாரணம்.

நடுவர்கள் ஸ்கேட் கட்டியே நடுவர் வேலை பார்க்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டை போட்ட ஏழு பேர் வரை இருப்பார்கள். அவர்களில் இருவருக்கு ஆளுக்கொரு ஜாமரைத் தவிர வேறெதையும் பார்க்கும் வேலையில்லை. ஜாமர் கூட்டத்தைத் தாண்டியதும் அந்த நடுவர் விரல்களை உயர்த்திக் காட்டுவார், அதுதான் புள்ளி. ஸ்கோர் பலகை மாறும் முன்பே அந்த விரல்களைப் பார்த்து எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளலாம். இவர்கள் போக, பெனால்டி குறிப்பவர், பெட்டியில் நேரம் பார்ப்பவர், புள்ளி எழுதுபவர் என்று ஒரு பட்டாளமே வேண்டும். பெரும்பாலும் எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள்.

"இதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம்தானே?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இந்த விளையாட்டுக்கு ஒரு பழைய பிறவி உண்டு. 1935-ல் சிகாகோ கொலீசியத்தில் லியோ செல்ட்சர் என்ற நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ரோலர் டெர்பியைத் தொடங்கினார். அப்போது அது நெடுந்தூர ஸ்கேட்டிங் போட்டி. ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து, அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரையிலான தூரத்துக்குச் சமமான சுற்றுகளை நாள்கணக்கில் ஓட வேண்டும். ஓடுகிறவர்கள் மோதி விழும்போதுதான் கூட்டம் உற்சாகமாகிறது என்பது தெரிந்ததும், 1930-களின் பிற்பகுதியில் மோதலே ஆட்டமாக மாறியது. எழுத்தாளர் டேமன் ரன்யன்தான் அந்த யோசனையைச் சொன்னார் என்பார்கள். 1940-களின் இறுதியில் தொலைக்காட்சி வந்து அதை வீடுதோறும் கொண்டுபோனது. ஜோன் வெஸ்டன், ஆன் கால்வெல்லோ போன்ற பெண்கள் பெரும் நட்சத்திரங்களானார்கள். தொடக்க நாளிலிருந்தே ஆண்களும் பெண்களும் ஒரே விதிகளின்கீழ் ஆடிய தொழில்முறை விளையாட்டு இது. அந்தக் காலத்துக்கு அது சாதாரண விஷயமல்ல. நாளாக ஆக காட்சிப் பரபரப்பு கூடி, போட்டி பின்னுக்குப் போனது. 1973-ல் செல்ட்சர் குடும்பம் கடையை மூடியது. 1989-ல் வந்த ஒரு தொலைக்காட்சி வடிவத்தில் எட்டு வடிவப் பாதையும், முதலைகள் விட்ட ஒரு தொட்டியும்கூட இருந்தன. நாடகம் என்ற அந்தப் பெயர்தான் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்றைய டெர்பி அதன் நேரடித் தொடர்ச்சி அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2001-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் சில பெண்கள் ஒன்றுகூடினார்கள். கூட்டிச்சேர்த்த ஏற்பாட்டாளர் பாதியில் விலகிப்போனார். பெண்கள் கலையவில்லை, தாங்களே நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். நிர்வாகம் யார் கையில் இருப்பது என்பதில் கருத்து வேறுபாடு வந்து, 2003-ல் ஒரு பெரும் பிரிவினர் வெளியேறி டெக்சாஸ் ரோலர்கேர்ள்ஸ் என்ற லீக்கைத் தொடங்கினார்கள். பழைய டெர்பிக்கு வெளிப்புறம் உயர்ந்து சரிந்த பலகைத்தளம் வேண்டும். செய்ய நிறையப் பணம், வைக்க நிறைய இடம். வெளியேறியவர்களிடம் அது இல்லை. வெறும் தரையில் ஆடினார்கள்.

இல்லாமையிலிருந்து பிறந்த அந்த ஏற்பாடுதான் விளையாட்டை உலகமெங்கும் கொண்டுபோனது. கயிறும் டேப்பும் தரையும் இருந்தால் எந்த ஊரிலும் தொடங்கலாம் என்றாகிவிட்டது. நியூயார்க்கில் கோத்தம் 2003-லும், போர்ட்லாண்டில் ரோஸ் சிட்டி 2004-லும், கடல் தாண்டி லண்டனில் 2006-லும் லீக்குகள் முளைத்தன. 2004-ல் லீக்குகள் சேர்ந்து அமைத்த கூட்டணி, பிறகு மகளிர் ஃபிளாட் டிராக் டெர்பி சங்கமானது. விதிகளை எழுதுவதும் தரவரிசை போடுவதும் அதுதான். பல நாடுகளில் நானூறுக்கும் மேற்பட்ட லீக்குகள் அதில் உறுப்பினர்களாக இருந்திருக்கின்றன. உறுப்பினராக வேண்டுமானால் லீக்கின் நிர்வாகம் ஆட்டக்காரர்கள் கையில் இருக்க வேண்டும். முதலாளி, ஏற்பாட்டாளர், தொலைக்காட்சி நிறுவனம் என்று யாரும் மேலே உட்கார முடியாது. யாருக்காக நாடகம் போடுவது? முடிவு முன்பே பேசிவைக்கப்படுவதில்லை. எலும்பு முறிவும் முழங்கால் தசைநார்க் கிழிசலும் மெய்யாகவே நடக்கின்றன.

2006-ல் அரிசோனாவின் டூசான் நகரில் நடந்த சங்கத்தின் முதல் சாம்பியன் போட்டியை டெக்சாஸ் வென்றது. 2011 முதல் 2014 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கோத்தம். அடுத்த இரண்டு ஆண்டுகள் போர்ட்லாண்டின் ரோஸ் சிட்டி. 2017-ல் மெல்பர்னின் விக்டோரியன் லீக், அமெரிக்காவுக்கு வெளியே பட்டத்தைக் கொண்டுபோன முதல் அணியானது. 2018-லும் 2019-லும் மறுபடி ரோஸ் சிட்டி. நாடுகளுக்கிடையேயான உலகக் கோப்பை 2011-ல் டொராண்டோவில் 13 அணிகளோடு தொடங்கியது. 2014-ல் டல்லாஸில் 30, 2018-ல் மான்செஸ்டரில் 38. மூன்றிலும் அமெரிக்காதான் வென்றது. 2009-ல் ட்ரூ பேரிமோர் இயக்கிய "விப் இட்" படம் வந்த பிறகு இந்த ஆட்டத்தின் பெயர் எங்கும் பரவியது. படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஆடுவது பழைய சரிவுத்தளத்தில். முழங்கைக் குத்தும் கைகலப்பும் நிறைய. அதைப் பார்த்துவிட்டு வந்து அரங்கில் அதையே தேடாதீர்கள்.

லீக் என்றால் இங்கே ஓர் ஊரின் சங்கம். அதற்குள் பல உள்ளூர் அணிகள் இருக்கும். அவற்றிலிருந்து தேர்ந்தவர்கள் வெளியூருக்குப் போகும் அணியில் ஆடுவார்கள். ரோஸ் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட்லாண்டில் வில்லமெட் ஆற்றங்கரையில் ஓக்ஸ் பார்க் என்ற, 1905-ல் திறந்த பழைய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அதற்குள் "ஹாங்கர்" என்று அழைக்கப்படும் கொட்டகைதான் அவர்களுடைய அரங்கம். உள்ளூர் அணிகள் அங்கே மோதுகின்றன. உலகப் பட்டம் வென்ற வெளியூர் அணிக்கு வீல்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் என்று பெயர். சிறுமிகளுக்கும் பதின்ம வயதினருக்கும் ரோஸ்பட்ஸ் என்று தனி அமைப்பு உண்டு. உலக சாம்பியன் ஆட்டக்காரர் பயிற்சி செய்யும் தரையிலேயே பள்ளிக்கூடப் பிள்ளையும் விழுந்து எழப் பழகுகிறாள்.

ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் சொந்தப் பெயரில் ஆடுவதில்லை. தாங்களே சூட்டிக்கொண்ட, சவால் விடும் ஒரு பெயர் சட்டை முதுகில் இருக்கும். நடுவர்களுக்கும் அப்படித்தான். பலருக்குச் சக ஆட்டக்காரரின் நிஜப் பெயரே தெரியாது. பகலில் செவிலியர், ஆசிரியர், கணக்காளர், வழக்கறிஞர். ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லை என்பது மட்டுமல்ல, மாதச் சந்தா கட்டி ஆடுகிறார்கள். வாசலில் உங்கள் டிக்கெட்டைக் கிழித்தவர் அடுத்த ஆட்டத்தில் ஜாமராக இறங்கலாம். இதை நான் இந்த விளையாட்டின் பெரிய பெருமையாக நினைக்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் படும். எல்லா உடல்வாகும் களத்தில் இருக்கும். குட்டையான ஒருவர் சுவருக்கு அடியில் நழுவிப் போவார். கனத்த உடம்புள்ளவரை மூவர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. நெடிய ஒருவர் வளைவில் எல்லைக்கோட்டின் உள்பக்கமாகத் தாவி, கூட்டம் முழுவதையும் காற்றிலேயே கடந்து மறுபக்கம் இறங்குவார். நாற்பது வயதுக்காரர் இருபது வயதுக்காரரை இடித்துக் கீழே தள்ளுவார். விளையாட்டுக்கு ஏற்ற உடம்பு இல்லை என்று பள்ளியில் ஒதுக்கப்பட்ட பெண்கள் பலர் இதில் முதன்முதலாகத் தங்கள் உடம்பை ஒரு பலமாக உணர்ந்ததாகச் சொல்கிறார்கள். திருநங்கையரையும் ஆண் பெண் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காதவர்களையும் சங்கம் விதிப்படியே வரவேற்கிறது. மற்ற விளையாட்டுகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயத்தில் இவர்கள் முன்னமே முடிவெடுத்துவிட்டார்கள்.

யாராவது அடிபட்டு எழ முடியாமல் கிடந்தால், களத்தில் உள்ள எல்லோரும் அந்தந்த இடத்தில் ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்துவிடுவார்கள். மருத்துவர் பார்த்து அவரை எழுப்பி அழைத்துப்போகும்போது இரண்டு அணியும் கைதட்டும். நீங்களும் தட்டுங்கள், அதுதான் வழக்கம்.

இனி நீங்கள் போகும் நாளுக்கு. பாதையோரத்தில் தரையிலேயே உட்காரும் வரிசை பல இடங்களில் உண்டு. ஆட்டக்காரர்கள் மடியில் வந்து விழக்கூடிய இடம் அது. பெரும்பாலும் 18 வயது ஆனவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. முதல்முறைக்கு அது வேண்டாம் என்பேன். பயத்துக்காகச் சொல்லவில்லை. தரைமட்டத்திலிருந்து பார்த்தால் கால்கள்தான் தெரியும், கூட்டத்தின் அமைப்பு தெரியாது. படிக்கட்டு இருக்கையில், வளைவுக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில் உட்காருங்கள். முதல் சில ஜாம்களில் ஒரே அணியின் ஜாமரை மட்டும் பின்தொடருங்கள், ஸ்கோரை மறந்துவிடுங்கள். பிறகு இரண்டு நட்சத்திரங்களையும் பாருங்கள். இரண்டாம் பாதியில் ஜாமர்களை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். டெர்பி ரசிகர்கள் விளக்கம் சொல்வதற்கென்றே காத்திருப்பவர்கள்.

கைக்குழந்தையோடு போனால் காதுக்கு அடைப்பான் எடுத்துப்போங்கள். விசிலும் பாட்டும் அறிவிப்பாளர் குரலும் சேர்ந்து காதைப் பிளக்கும். கடைசி நிமிடத்தில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். கடிகாரம் சுழியத்தைத் தொட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஜாம் முடியும் வரை ஆட்டம் முடியாது. முன்னணியில் இருக்கும் அணிக்கு லீட் கிடைத்துவிட்டால், நேரம் தீர்ந்த மறுநொடி ஜாமர் இடுப்பைத் தட்டி வெற்றியோடு முடித்துவிடுவார். பின்தங்கிய அணிக்கு லீட் கிடைத்தால் மிச்சமிருக்கும் விநாடிகள் முழுவதும் அவர்களுடையவை. அந்த இரண்டு நிமிடத்தில் தலைகீழாக மாறிய ஆட்டங்கள் ஏராளம்.

ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் பாதையைச் சுற்றி வந்து கை நீட்டுவார்கள். ஓரத்தில் நின்று அவர்கள் கையோடு கை தட்டலாம். தயங்காமல் போய்ப் பேசுங்கள். மகள் கூட வந்திருந்தால் அவளை முன்னால் விடுங்கள், சிறுவர் பயிற்சி எந்த நாளில் என்று அவளே கேட்கட்டும். இந்த லீக்குகள் டிக்கெட் பணத்திலும் சந்தாவிலும்தான் உயிர் வாழ்கின்றன. உங்கள் ஊரில் ஒன்று இருந்தால் அடுத்த ஆட்டத்துக்கே போய் வாருங்கள்.